மறுகட்டுமானக் காலத்து வாடகைக்கு 24,000 ரூபாய்: ஒதுக்கீடு மறைந்த அப்பாவின் பெயரில் இருந்தால் என்ன செய்வது?

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து):

வணக்கம். நாங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழக அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் வசித்து வருகிறோம். கட்டடம் சிதிலமடைந்துவிட்டதால் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகவும், அதுவரை வெளியே வாடகைக்கு இருப்பதற்காகக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தரப்படும் என்றும் தெரிவித்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டு ஆணை என் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர் 2016-இல் காலமானார். அதன் பிறகு நாங்கள் பெயர் மாற்றம் செய்யவில்லை. அம்மாவும் நானும் தம்பியின் குடும்பமும் இந்த வீட்டில் இருக்கிறோம், அக்கா திருமணமாகி எண்ணூரில் இருக்கிறாள். அம்மாவின் பெயரில் இந்தத் தொகையைப் பெற முடியுமா? தம்பிக்குத் தனி ரேஷன் கார்டு இருப்பதால் அவனுக்கும் தனியாகக் கிடைக்குமா? அப்பாவின் ஆணையில் குடிசை மாற்று வாரியம் என்ற பழைய பெயரே இருப்பதும் அம்மாவுக்குக் கவலையாக இருக்கிறது.

பதில் 1 (வியாசர்பாடியிலிருந்து, ஓய்வுபெற்றவர்):

அம்மா, பழைய பெயரைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்துக்குத்தான் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். நிறுவனம் அதேதான், ஆகவே உங்கள் அப்பாவின் ஆணை செல்லும். முன்பு 8,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகையும் அந்த ஆண்டில்தான் 24,000 ஆக உயர்ந்தது.

ஆனால் நீங்கள் பணத்தைப் பற்றி மட்டும் கேட்டிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டி முடிக்கப் பதினெட்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் 24,000 ரூபாய் மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வரும், அந்த வாடகைக்கு வட சென்னையில் ஓர் அறைகூடக் கிடைக்காது. நீங்கள் காக்க வேண்டியது, திரும்பி வரும்போது புதிய வீடு உங்களுக்கே என்பதைக் காட்டும் சான்றுகளை. இடிப்பதற்கு முன் குடியிருப்போரைக் கணக்கெடுக்கும்போது கைரேகை பதிந்து கொடுக்கும் டோக்கனும், ஒதுக்கீட்டு ஆணையும், இதுவரை தவணை கட்டிய ரசீதுகளும் உங்கள் கையில் இருக்கும்வரைதான் அந்த வீட்டின் மீது உங்கள் உரிமை உறுதியாக இருக்கும். எங்கள் பிளாக்கை இடித்தபோது ஆணையில் இருந்த பெயருக்கு உரியவர் இறந்துபோயிருந்த வீடுகளுக்குத்தான் எல்லாமே தாமதமாயின. அதில் ஒரு குடும்பம் பட்ட அலைச்சலை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே ஒதுக்கீட்டை அம்மாவின் பெயருக்கு மாற்றும்படி வாரியத்துக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கேள்விக்கு என் அனுபவத்தில் விடை சாதகமாக இல்லை. எங்களிடம் ஒதுக்கீடு பெற்ற வீட்டுக்கு ஒன்று என்றே கணக்கிட்டார்கள், ரேஷன் கார்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. இருந்தாலும் கணக்கெடுப்பில் அவர் குடும்பத்தின் பெயர்கள் விடுபடாமல் பதிவாகட்டும்.

பதில் 2 (ராயபுரத்திலிருந்து, இ-சேவை மையத்தில் பணிபுரிபவர்):

பெரியவர் சொன்ன பெயர் மாற்றத்துக்கு அடிப்படை வாரிசுச் சான்றிதழ். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து பெற வேண்டும். இறப்பு சென்னையில் பதிவாகியிருந்தால் இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம், அதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு: அப்பா காலமானபோது அவருடைய தாயார் உயிருடன் இருந்திருந்தால் அந்தப் பாட்டியும் வாரிசுதான். திருமணமான அக்காவும் வாரிசு என்பதால், அம்மாவின் பெயருக்கு மாற்றுவதில் ஆட்சேபம் இல்லை என்று அவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டியிருக்கும். அப்பாவின் பெயர் ஆணையில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும், இனிஷியல் மாறி இருந்தால் இப்போதே கவனியுங்கள். எங்கள் மையத்துக்குத் திரும்பி வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இந்தப் பெயர்ப் பிழையால்தான் வருகின்றன.

பதில் 3 (திருவொற்றியூரிலிருந்து):

காலி செய்யத் தயங்குபவர்கள் உங்கள் பிளாக்கில் இருந்தால் அவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 27 அன்று எங்கள் பகுதியின் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. பாத்திரமும் துணியும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் இடிபாட்டுக்குள் போய்விட்டன. ஆகவே காகிதங்களை இன்றே ஒரு பையில் போட்டு உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

வாடகை வீட்டைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கத்தில் தேடுங்கள். அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்பது இங்கே பழக்கமாக இருப்பதால், 24,000 ரூபாய் அதற்கே போதாமல் போகலாம். மூன்று வீட்டுக்காரர்களிடமாவது பேரம் பேசிப் பாருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டமும் அதையே சொல்கிறது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பாட்டி 2019 வரை எங்களுடன்தான் இருந்தார், அவருடைய இறப்புச் சான்றிதழும் தேவைப்படும் என்று இப்போதுதான் புரிகிறது. அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து கையொப்பமிடுகிறாள். மனு எத்தனை நாளாகியும் நகரவில்லையென்றால் என்ன செய்வது?

பதில் 1:

மனுவின் முத்திரையிட்ட நகலுடன் ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதன் பிறகும் பதில் இல்லையென்றால், மனு யாருடைய மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பாட்டியின் சான்றிதழை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.