மூன்று பென்ஸ் வரிக்கா ஒரு சாம்ராஜ்யத்தை உடைத்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்கச் சுதந்திரப் போர் என்றாலே "பிரிட்டன் வரி போட்டுப் பிழிந்தது, மக்கள் பொங்கி எழுந்தார்கள்" என்று பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அந்தப் போரில்தான் பிரெஞ்சுக்காரனை வட அமெரிக்காவிலிருந்து விரட்டினார்கள். அதில் லாபம் யாருக்கு? இங்கிலாந்தில் இருந்தவன் கட்டிய வரியோடு பார்த்தால் அமெரிக்கக் குடியேற்றக்காரன் கட்டியது கொசுறு. முத்திரை வரி இங்கிலாந்தில் 1694 முதலே இருக்கிறது. 1764 சர்க்கரைச் சட்டமோ, ரம் காய்ச்சும் கரும்புப் பாகு மீதான வரியைக் கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது. வரியைக் குறைத்ததற்குக் கோபப்பட்ட ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

வழிப்போக்கன்:
ஐயா, அந்த 6 பென்ஸ் 1733-இலிருந்து ஏட்டில் மட்டும் இருந்த வரி. சுங்க அதிகாரி கையில் எதையாவது திணித்தால் சரக்கு இறங்கிவிடும், முப்பது வருடம் அப்படித்தான் ஓடியது. 1764-க்கு அப்புறம் 3 பென்ஸை நிஜமாகவே வசூலிக்கக் கடற்படையை இறக்கினார்கள். பிடிபட்டவன் வழக்கு ஜூரியே இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கென்று இன்றைய கனடாவிலுள்ள ஹாலிஃபாக்ஸில் ஒன்றைத் திறந்தார்கள். போஸ்டன் வியாபாரி அவ்வளவு தூரம் போய், சரக்கு சட்டப்படி வந்தது என்று அவனே நிரூபிக்க வேண்டும். அதே வருடம் நாணயச் சட்டம் வந்து குடியேற்றங்களின் காகிதப் பணத்தின் கழுத்தை நெரித்தது, அடுத்த வருடம் முத்திரை வரியை ஸ்டெர்லிங் (பிரிட்டன் பணம்) கணக்கில் கொண்டுவா என்றார்கள். பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரைக்கும் முத்திரை. தொகை சின்னதுதான், ஆனால் போர் முடிந்து வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது.

கணக்குப்பிள்ளை:
ஆக, கடத்தல்காரர்களின் புரட்சி என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், நன்றி. நிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1763 அரச பிரகடனம் அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்றது. பழங்குடிகளோடு இன்னொரு போர் வந்தால் செலவு லண்டனுக்குத்தானே? ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் 1767-இலேயே, இந்தத் தடை நிலைக்காது, நல்ல நிலமாகப் பார்த்து வையுங்கள் என்று தன் நில அளவையாளருக்குக் கடிதம் எழுதுகிறார். "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்பதும் வெறும் கோஷம்தான். 1765 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய முத்திரைச் சட்ட மாநாட்டின் தீர்மானங்களைப் படித்துப் பாருங்கள், நாடாளுமன்றத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தாலும் இவ்வளவு தூரத்திலிருந்து அது சாத்தியமில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். இடமும் வேண்டாம், வரியும் வேண்டாம் என்றால் எப்படி?

தேநீர்ப்பிரியை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இடம் வேண்டாம் என்றதற்குக் காரணம் அவர்களுக்கு ஏற்கெனவே சொந்தச் சபைகள் இருந்தன, வர்ஜீனியாவில் 1619 முதல். வரி போடுகிற உரிமை அந்தச் சபைக்கு மட்டும்தான் என்பது அவர்கள் வாதம். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஆளுநர் சம்பளம். மாசசூசெட்ஸ் மாதிரி இடங்களில் ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்குவது உள்ளூர்ச் சபை. ஆளுநர் முறைத்தால் சபை கையை மூடிக்கொள்ளும். 1767-இல் பிரிட்டன் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், காகிதம், சாயம், தேயிலை மீது வரி போட்டபோது, அந்த வருமானத்திலிருந்து ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று வைத்தார். இனி அவர்களுக்கு உள்ளூரில் யார் தயவும் வேண்டாம். 1770-இல் மற்ற வரிகளை எடுத்துவிட்டுத் தேயிலைக்கு மட்டும் பவுண்டு எடைக்கு 3 பென்ஸை விட்டுவைத்தது சில்லறைக்காகவா? 1766-இல் முத்திரை வரியை ரத்து செய்த அன்றே, "எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு" என்று ஒரு பிரகடனச் சட்டமும் நிறைவேற்றினார்களே, அந்த அதிகாரத்தை உயிரோடு வைத்திருக்கத்தான்.

1773 கூத்து இன்னும் மோசம். கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது, 1770 பஞ்சத்தில் வங்காளம் செத்துக்கொண்டிருந்தபோதும் வரி வசூலித்த அதே கம்பெனிதான். அதைத் தூக்கி நிறுத்த 14 லட்சம் பவுண்டு கடனும், தேங்கிக் கிடந்த சீனத் தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்கும் சலுகையும் கொடுத்தார்கள். தேயிலை விலை குறையும், உண்மை. ஆனால் விற்கும் முகவர்களில் இரண்டு பேர் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள்! வங்காளத்தில் செய்ததை இங்கேயும் செய்வார்கள் என்று பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் அந்த வருடமே எழுதினார். டிசம்பர் 16 இரவு 342 தேயிலைப் பெட்டிகள் போஸ்டன் துறைமுகத் தண்ணீரில் விழுந்தன.

கணக்குப்பிள்ளை:
அடுத்தவன் சரக்கைக் கடலில் கொட்டுவதற்குப் பெயர் உரிமைப் போராட்டமா? நஷ்டஈட்டைக் கட்டும் வரை துறைமுகத்தை மூடுவோம் என்றதில் என்ன அநியாயம்? அப்புறம் விடுதலை, விடுதலை என்று கத்தியவர்களில் எத்தனை பேர் அடிமை வைத்திருந்தார்கள்? ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1775-இலேயே இதைக் குத்திக் காட்டினார்.

வழிப்போக்கன்:
அடிமை விஷயத்தில் ஜான்சன் சொன்னது சரி, அதற்கு அவர்களிடம் பதில் கிடையாது. ஆனால் 1774-இல் துறைமுகத்தை மட்டுமா மூடினார்கள்? மாசசூசெட்ஸின் சாசனத்தையே திருத்தினார்கள். மேலவையை இனி அரசர் நியமிப்பார், ஊர்க்கூட்டத்தை ஆளுநர் அனுமதியில்லாமல் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூட்டக் கூடாது. அந்த செப்டம்பரில் வூஸ்டர் என்ற உள்நாட்டு ஊரில் 4,000-க்கும் மேற்பட்ட ஆட்கள் திரண்டு அரசர் பெயரில் நடந்த நீதிமன்றத்தைத் திறக்கவிடாமல் செய்தார்கள். பெரும்பாலும் விவசாயிகள். கப்பல் கிடையாது, கடத்தல் கிடையாது, போஸ்டன் வியாபாரி ஹான்காக் மாதிரி மதேரா ஒயின் வியாபாரமும் கிடையாது. அவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
வூஸ்டர் விவசாயியை விட்டுவிடுகிறேன், அவனுக்குக் கோபம் வந்தது நியாயம். தெற்கே வாருங்கள். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்த பிறகுதானே தோட்ட முதலாளிகள் ஒட்டுமொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்?

தேநீர்ப்பிரியை:
நவம்பர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். போரின் முதல் துப்பாக்கி லெக்ஸிங்டனில் வெடித்தது ஏப்ரலில். ஜூனிலேயே வாஷிங்டன் படைத்தலைவர். டன்மோர் அறிவிப்பு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பத்து வருடக் கசப்புக்கு அதைக் காரணமாக்க முடியாது.