டெல்லிச் சைகை பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு எதுக்குவே?

பாளை அண்ணாச்சி: நேத்து ஒரு டீச்சர் இந்த இணைய மன்றத்துல எழுதியிருக்காவ: ‘காது கேளாத பிள்ளைகளுக்கு நாடு முழுக்க இந்திய சைகை மொழியிலதான் பாடம் நடத்தணும், ஊர்ச்சைகை எல்லாம் கொச்சை.’ கொச்சையாம்லா! வெள்ளைக்கார மிஷனரி ஸ்வைன்சன் அம்மா பாளையங்கோட்டையில காது கேளாத பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது 1890-கள்ல. டெல்லியில சைகை மொழி ஆய்வு மையம் வந்தது 2015-ல. யாருக்கு யார் சொல்லிக் கொடுக்க? ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்திய சைகை மொழியில ரெண்டு கை விரலால எழுத்துக் கூட்டுறது இங்கிலீஷ் ஏ, பி, சி, டி. அதுல ‘ழ’ எங்க?

சிறப்பாசிரியை: கொச்சைன்னு நான் எழுதல. ஊருக்கு ஊர் மாறுதுன்னுதான் எழுதினேன், போய்ப் பாருங்க. விரல் எழுத்து பேரு சொல்லத்தான் அண்ணாச்சி. மொழி கையில, முகத்துல, கண்ணுல இருக்கு. 2020 கல்விக் கொள்கையும் தரப்படுத்தணும்னு சொல்லிட்டு, முடிஞ்ச இடத்துல உள்ளூர்ச் சைகையையும் கத்துக்கொடுக்கணும்னுதான் சொல்லுது. 2021-ல 10,000 சொல்லோட அகராதியே வந்தாச்சு.

பாளை அண்ணாச்சி: 10,000 இருக்கட்டும் டீச்சர். ‘ழ’ எங்க? அந்த ரெண்டு கை எழுத்து டெல்லி சரக்குகூட இல்ல, லண்டன் சரக்கு.

வண்ணார்பேட்டை வக்கீல்: ஸ்வைன்சன் அம்மாவுக்கு எந்த ஊரு ஓய், சங்கரன்கோவிலா? போன மாசம் மார்க்கெட் விவாதத்துல ‘வாளப்பளம்’னு எழுதின ஆளு நீரு. உமக்கு என்னவே திடீர்னு ‘ழ’ மேல பாசம்?

பாளை அண்ணாச்சி: என் வாய் வேற, பிள்ளையோட கை வேற. பேச்ச மாத்தாதயும்.

மேலப்பாளையத்தான்: சண்டையே வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுல சின்னப் பிள்ளைக்குக் காக்ளியர், அதான் ஆபரேசன் பண்ணி உள்காதுல வைக்கிற கேட்புக் கருவி, இலவசம். வச்சிட்டா சைகையே எதுக்கு?

சிறப்பாசிரியை: வச்ச மறுநாளே பேச்சு வந்திடாது, வருஷக்கணக்கா பயிற்சி வேணும். அதுவரைக்கும் பிள்ளை எந்த மொழியில யோசிக்கும்? 1880-ல இத்தாலியில மிலான்ல நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டுல பேச்சு மட்டும் போதும்னு தீர்மானம் போட்டு, பிள்ளைங்க கையைக் கட்டிப் போட்டாங்க. அதை நிராகரிக்க 2010 ஆச்சு.

பாளை அண்ணாச்சி: மிலானுக்கு எதுக்குப் போறிய? தச்சநல்லூர் தாண்டாம பதில் சொல்லுங்க. ‘ழ’?

டவுன் வாசகன்: எனக்குக் காது கேக்காது. பள்ளியில வாத்தியார் உதட்டைப் பார்க்கச் சொன்னார், பாதிதான் புரியும். ஹாஸ்டல் அண்ணன்மார் கையைப் பார்த்துத்தான் எல்லாம் படிச்சேன். சென்னைக்கு வேலைக்குப் போனப்போ வடக்கத்திக் கூட்டாளிகளோட கொஞ்ச நாள்ல பழகிட்டேன். என் பேர்லயும் ‘ழ’ இருக்கு. எங்காட்கள் கன்னத்து மச்சத்தைத் தொட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாங்க.

பாளை அண்ணாச்சி: சந்தோசம் தம்பி. ஆனா ஆதார்ல மச்சத்தையா எழுதுவான்? ‘ழ’ எங்க?

வண்ணார்பேட்டை வக்கீல்: ஆதார்ல இங்கிலீஷும் இருக்குல்லா. இசட்-ஹெச் போட்டா ‘ழ’. சோலி முடிஞ்சு.

பாளை அண்ணாச்சி: அதத்தானவே நானும் சொல்லுதேன்! தமிழ்ப் பிள்ளை இசட்-ஹெச்சுக்கா கை தூக்கணும்? தூத்துக்குடிக்காரருக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது.

வண்ணார்பேட்டை வக்கீல்: 1986 வரைக்கும் தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டந்தான் ஓய். அதுக்கு முன்னாடி பொறந்தவன் நான்.

டவுன் வாசகன்: என்கிட்ட யாராவது ஏதாவது கேப்பீங்களா?

மேலப்பாளையத்தான்: காக்ளியர் பத்தி நான் கேட்டதுக்கும் ஒழுங்கா பதில் இல்ல.

பாளை அண்ணாச்சி: அதுக்குத் தனி இழை தொடங்கும்வே. இது ‘ழ’ இழை.