நொய்யல் சாகசக் கதைக்குள் கணக்கை எப்படி நுழைப்பது?

வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் கிளம்பி நொய்யல் ஆற்று ஓரமாகவே நடக்கும் நான்கு பிள்ளைகள், ஒரத்துப்பாளையம் அணைக்கு வந்ததும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது, அதைக் குடித்தால் உடம்பு என்னாகும் என்று துப்புத் துலக்குவதாக ஒரு கதை எழுதி, அதையே எல்லாப் பாடத்துக்கும் ஓட்டப் பார்க்கிறேன். அறிவியலுக்கு டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு; குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு), சமூக அறிவியலுக்கு நொய்யலில் சாயக்கழிவு விட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011இல் மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, இதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. கணக்குதான் இடிக்கிறது. வரைபடம் போடச் சொன்னாலே கதை செத்துப்போகிறது! கணக்கைக் கதைக்குள் ஒளித்து நடத்தியவர்கள் எப்படிச் செய்தீர்கள்? அப்புறம், டிடிஎஸ் மீட்டர் சும்மா கிடந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்க. அணைப் பக்கம் விவசாயம் பார்த்த பெரியவங்க யாராவது பிள்ளைகளிடம் பேசுவார்கள் என்றாலும் சொல்லுங்க, கூட்டிக்கொண்டு வருகிறேன்.