ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஆலை உரிமையாளருக்கு அரசு என்ன துணை செய்கிறது?

கேள்வி: ஆலைக்காரர், மன்னார்குடி வட்டம்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு தலைமுறையாக நாங்கள் நடத்திவரும் புழுங்கல் அரிசி ஆலையில் பாய்லர், ஊறல் தொட்டி, களம், சுமைப்பணி என எல்லாம் சேர்த்து 74 பேர் வேலை செய்கிறார்கள். சென்ற மாதம் அவர்கள் சங்கம் அமைத்து, 19 கோரிக்கைகள் அடங்கிய பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். சங்கம் வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பா காலத்தில் தீபாவளிக்கு முன்பு திண்ணையில் உட்கார்ந்து பேசி, கூலியையும் போனசையும் வாய்மொழியாக முடித்துக்கொள்வார்கள். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்ட அனுபவம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

என் சிக்கல் இதுதான். எங்கள் அரவையில் பெரும்பகுதி நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி ஒப்படைக்க வேண்டும், அரவைக் கூலியை நிர்ணயிப்பதும் அரசுதான். ஆகவே கூலியை உயர்த்தினால் அந்தச் செலவை விலையில் ஏற்ற எனக்கு வழியில்லை. சம்பா நெல் வரும் தை மாதத்தில் ஆலை நான்கு நாள் நின்றாலும் ஈர நெல் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் பழுத்துவிடும். பேச்சுவார்த்தையை முறையாக நடத்த அரசிடமிருந்து எனக்கு ஏதாவது துணை கிடைக்குமா? எங்கள் கணக்காளர், "தொழிலாளர் துறை அலுவலகப் பக்கமே போகாதீர்கள், மறுநாளே ஆய்வுக்கு வந்து நிற்பார்கள்" என்கிறார்.

பதில் 1: ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை ஊழியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் கணக்காளரின் அச்சத்தை என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். துறையில் அமலாக்கம் வேறு, சமரசம் வேறு. பதிவேடுகளை ஆய்வு செய்து வழக்குத் தொடர்வது அமலாக்கப் பிரிவின் வேலை. இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவருவது சமரச அலுவலரின் வேலை. இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. தகராறு வெடித்த பிறகுதான் அவரிடம் போக வேண்டும் என்பதும் இல்லை. தகராறு எழக்கூடும் என்ற நிலையிலேயே அவர் தலையிடச் சட்டம் இடம் தருகிறது. நீங்களும் சங்கமும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தாலே போதுமானது.

அரசு உங்கள் பக்கம் நின்று பேரம் பேசும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அது தருவது நடுநிலையான ஒரு மேசை, அந்த மேசையில் போடும் கையெழுத்துக்குச் சட்டத்தின் வலு. தொழில் தகராறுகள் சட்டம், 1947-இன்படி சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படும் 12(3) ஒப்பந்தம் (எண் அந்தச் சட்டத்தின் பிரிவைக் குறிக்கும்), சங்கத்தில் சேராதவர்களையும் நாளை வேலைக்கு வரப்போகிறவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். நீங்களே தனியாகப் பேசிப் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தமோ கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த அடிப்படை வேறுபாடு அப்படியே தொடர்கிறது, பேச்சு வழக்கில் எல்லோரும் இன்னும் "பன்னிரண்டு மூன்று" என்றுதான் சொல்கிறார்கள்.

தை மாதத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கும் அதில் விடை உண்டு. புதிய சட்டத்தொகுப்பின்படி எந்தத் தொழில் நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. சமரசப் பேச்சு நடக்கும் காலத்திலும் அது முடிந்த பின் ஏழு நாட்களுக்கும் வேலைநிறுத்தம் கூடாது. கதவடைப்புக்கும் இதே விதிதான். சமரசப் பேச்சில் வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். நீங்கள் நேரில் போகலாம், அல்லது ஆலை உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகி உங்கள் சார்பில் பேசலாம்.

பதில் 2: பாத்திரப் பட்டறை, கும்பகோணம்

மேலே ஐயா சொன்ன வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள நான் பெரிய விலை கொடுத்தேன். என் பட்டறையில் 31 பேர். பெரும்பான்மையாக இருந்த சங்கத்தோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை நாங்களே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, இனிப்பு கொடுத்துப் பிரிந்தோம். எட்டாம் மாதம் வேறொரு சங்கத்தில் இருந்த 11 பேர், "அந்தத் தாளில் எங்கள் கையெழுத்து இல்லை" என்று தனிக் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. மறுபடி முதலிலிருந்து பேசி, இம்முறை சமரச அலுவலர் முன்னிலையில் முடித்தேன்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அலுவலர் முதலில் என்னிடம் கேட்டது மூன்று ஆண்டு வரவு செலவுக் கணக்கை. காட்டத் தயங்கினேன். "கட்டாது என்று வாயால் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள்?" என்றார். மறு அமர்வில் பித்தளைத் தகடு வாங்கிய ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி மேசையில் வைத்தேன். சங்கச் செயலாளர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலாண்டு உயர்வைக் குறைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டில் கூட்டிக் கேட்டார். நான் ஒப்புக்கொண்டேன். உங்களுக்கும் இது பொருந்தும். கழக அரவைக் கூலி எவ்வளவு, எப்போது கடைசியாக உயர்ந்தது என்பதை எழுத்தாக எடுத்துச் செல்லுங்கள்.

பதில் 3: சங்கப் பொறுப்பாளர், கீழ்வேளூர்

எதிர்த் தரப்பிலிருந்து எழுதுகிறேன், ஆனால் எதிரியாக அல்ல. வேலைநிறுத்த முன்னறிவிப்பு விதியை ஐயா நிம்மதி தரும் செய்தியாகச் சொன்னார். எங்களுக்கு அது கையைக் கட்டும் விதி. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதை வேலைநிறுத்தமாகக் கருதுகிறது புதிய சட்டத்தொகுப்பு. இதை நம்பிப் பேச்சுவார்த்தையைத் தை வரை இழுத்தடித்தால் அந்த மனக்கசப்பு அடுத்த பத்து ஆண்டுக்கு ஆலைக்குள் இருக்கும்.

அதிகாரி முன்னிலையில் கூலி பேசுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் விவசாயிகள் சங்கத்தாரும் அப்படி உட்கார்ந்து ஏற்படுத்திய ஒப்பந்தம்தான் பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சவுக்கடி கொடுப்பதையும் சாணிப்பால் (சாணம் கரைத்த நீர்) புகட்டுவதையும் நிறுத்தியது. பேச மறுத்ததன் விளைவையும் நாம் பார்த்திருக்கிறோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டதற்கு முன்னால் இருந்ததும் கூலித் தகராறுதான், அதற்குப் பிறகுதான் 1969-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்றும் அறுவடைக்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் போட்டுக் கூலி பேசுகிறோம். வயலுக்கு உள்ள அந்தப் பழக்கம் ஆலைக்கும் வரட்டும் என்றுதான் உங்கள் தொழிலாளர்களும் கேட்கிறார்கள்.

ஒன்றைக் கேட்க வேண்டும். உங்கள் களத்தில் நெல் துழாவும் பெண்கள் அந்த 74 பேரில் இருக்கிறார்களா? சுமைப்பணிக்கு மூட்டைக் கணக்கு, பாய்லர்காரருக்கு மாதச் சம்பளம் என்று பேசி முடித்துவிட்டு, களத்துப் பெண்களின் நாள்கூலியை ஒப்பந்தத்தில் எழுதாமலே விட்டுவிடுவதை நான் பல ஆலைகளில் பார்த்திருக்கிறேன். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அவர்களுடைய வருகைப் பதிவேட்டையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி: ஆலைக்காரர், மன்னார்குடி வட்டம்

மூவருக்கும் நன்றி. களத்தில் 22 பெண்கள் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துத்தான் 74. கோரிக்கைப் பட்டியலை மீண்டும் எடுத்துப் படித்தேன். 19-இல் அவர்களுக்கென்று இருப்பது கழிப்பறை பற்றிய ஒன்று மட்டுமே, கூலி பற்றி ஒரு வரி இல்லை. ஐயா, சங்கம் கேட்காத ஒன்றை உரிமையாளரே சமரசப் பேச்சில் முன்வைக்கலாமா?

பதில் 4: ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை ஊழியர், தஞ்சாவூர்

தாராளமாக வைக்கலாம். கோரிக்கை எந்தத் தரப்பிலிருந்தும் வரலாம். ஆனால் அரிசி ஆலைக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியத்தையும், ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறும் பஞ்சப்படியையும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஒப்பந்தமும் அதற்குக் கீழே போக முடியாது. களத்துக் கூலி இப்போது அதைவிடக் குறைவாக இருந்தால் அது பேரத்துக்கு உரியதே அல்ல, இந்த மாதமே திருத்த வேண்டியது. ஒப்பந்தக் காலத்தையும் தேதியோடு எழுதுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஆறு மாதத்துக்குத்தான் என்று சட்டம் கொள்ளும்.

கேட்டவரின் மறுமொழி: ஆலைக்காரர், மன்னார்குடி வட்டம்

இன்று மாலை சங்கத் தலைவரைச் சந்தித்துப் பேசினேன். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே மனு கொடுக்கிறோம். பேச்சுவார்த்தைக் குழுவில் களத்திலிருந்து இருவரைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டேன். அவர்களிடம் கலந்து பேசிவிட்டுப் பெயர்களை நாளை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.