தாமஸ் மோர் சமயச் சுதந்திரத்தின் பாதுகாவலரா?

கேள்விக்குறி: சமயச் சுதந்திரத்தைக் காக்கவே உயிர் கொடுத்தவர் புனித தாமஸ் மோர் என்று நேற்று இங்கே ஒருவர் எழுத, வரிசையாக எல்லாரும் ‘ஆமென்’ போட்டிருப்பதைக் கண்டு பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். 1529 முதல் 1532 வரை அவர் இங்கிலாந்தின் லார்டு சான்சலராக, அதாவது அரசனின் உயர் அமைச்சராகவும் நீதித் தலைவராகவும் இருந்த காலத்தில், ஆறு பேர் பதிதர்கள் (திருச்சபைக் கொள்கையை மறுப்பவர்கள்) என்று உயிரோடு எரிக்கப்பட்டார்கள். எரித்தவருக்கா இந்தப் பட்டம்?

பழைய வக்கீல்: ‘எரித்தவர்’ என்று எழுதுமுன் சட்டம் படித்திருக்கலாம். பதிதர் வழக்கை விசாரித்துத் தீர்ப்பளித்தது ஆயரின் நீதிமன்றம். 1401ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனையை நிறைவேற்றியது அரசு அதிகாரியான ஷெரிப். மோர் யாருக்கும் கொள்ளி வைக்கவில்லை.

கேள்விக்குறி: கொள்ளி வைக்கவில்லை, ஆள் பிடித்துக் கொடுத்தார். லண்டன் தோல் வணிகர் ஜான் டியூக்ஸ்பரியைச் செல்சியில் இருந்த தம் வீட்டிலேயே விசாரித்தார். 1531இல் டியூக்ஸ்பரி எரிக்கப்பட்டபின், அது அவருக்குத் தகும் என்று மோர் அச்சிட்டே எழுதினார். தம் கல்லறைக்குத் தாமே எழுதி வைத்த வாசகத்திலும், திருடருக்கும் கொலைகாரருக்கும் பதிதருக்கும் தொல்லையாக இருந்தவன் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். இதற்கும் ஷெரிப்தான் பொறுப்பா?

பழைய வக்கீல்: விசாரித்தல் வேறு, எரித்தல் வேறு என்பதை மீண்டும் சொல்கிறேன். பதிதர்களை வீட்டுத் தோட்டத்து மரத்தில் கட்டி அடித்தார் என்ற புகாரை மோரே 1533இல் மறுத்துவிட்டார். தாம் அடிக்கச் சொன்னது இருவரை மட்டுமே என்றும், ஒருவன் தம் வீட்டுச் சிறுவன், மற்றவன் கோவிலில் பெண்களிடம் முறைகேடாக நடந்த மனநிலை பிறழ்ந்தவன் என்றும் விளக்கினார். சென்ற மாதம் வேறொரு இழையிலும் நீங்கள் பாதி படித்துவிட்டுத்தான் வாதாடினீர்கள்.

மணிக்கூண்டு: இருவரும் அன்றைய இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியை மறந்துவிட்டீர்கள். திருச்சபைக்கு அரசனே தலைவன் என்பதை ஏற்காததற்காக 1535 ஜூன் 22 அன்று ஆயர் ஜான் ஃபிஷரும், ஜூலை 6 அன்று மோரும் தலை இழந்தார்கள். இருவரின் திருவிழாவும் ஜூன் 22 என்பதால்தான் அமெரிக்க ஆயர்கள் தங்கள் சமயச் சுதந்திர வாரத்தை அன்று தொடங்குகிறார்கள்.

கேள்விக்குறி: ஃபிஷரை நான் தொடவே இல்லை. கேட்டது அந்த ஆறு பேரைப் பற்றி.

தெற்கத்தியான்: லண்டன் வரை போவானேன்? மதம் மாறியபின் சிறைப்பட்டு, 1752இல் காற்றாடி மலையில் சுடப்பட்ட நம் தேவசகாயம் 2022இல் புனிதரானார். அவர் யாரையும் எரிக்கவில்லை.

பழைய வக்கீல்: ஊர்ப்பாசத்திற்குத் தனி இழை திறக்கலாம். மோருக்கு 1935லேயே புனிதர் பட்டம் கிடைத்துவிட்டது. 2000இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராகவும் அறிவித்தார்.

தெற்கத்தியான்: குமரி மாவட்டத்துப் புனிதர் என்றால் தனி இழை, செல்சிப் புனிதர் என்றால் பொது இழை! நல்ல நீதி, வக்கீல் ஐயா.

கேள்விக்குறி: அரசியல்வாதிகளின் பாதுகாவலர் என்று வக்கீலே எழுதிவிட்டார், அதில் சமயச் சுதந்திரம் எங்கே இருக்கிறது? சமயக் காரியத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததே, அந்த அளவுகோலில் மோர் தேறுவாரா?

பழைய வக்கீல்: 1965இன் அளவுகோலால் 1531ஐ அளப்பது வரலாறு ஆகாது. அந்நாளில் பதிதம் அரசுக்கு எதிரான கலகமாகவே கருதப்பட்டது.

கேள்விக்குறி: 1531இன் மனிதர் என்றால் அங்கேயே இருக்கட்டும், இன்றைய சுதந்திர வாரத்திற்கு ஏன் அழைக்கிறீர்கள்?

பழைய வக்கீல்: மோர் எரித்தார் என்பதற்கு அவர் கையொப்பமிட்ட தீர்ப்பு ஒன்றைக் காட்டுங்கள், பிறகு பேசலாம். மணிக்கூண்டு ஹென்றியின் சட்டத்தைப் பற்றிச் சொன்னதிலும் பிழை உண்டு. அதற்கு நாளை தனியாக வருகிறேன்.

மணிக்கூண்டு: என்ன பிழை என்று இப்போதே சொல்லிவிட்டுப் போங்கள்.