சக்கையும் பலாவும் ஒரே அட்டையில்: கரைப்பக்கச் சொற்கள் வேண்டும்

ஆசிரியர்களுக்கு வணக்கம். 2, 3-ஆம் வகுப்புக்குச் சொல் அட்டை தயாராகிறது. ஒரு பக்கம் வீட்டுச் சொல், மறுபக்கம் புத்தகச் சொல்: மரச்சீனி–மரவள்ளிக்கிழங்கு, சக்கை–பலா, கொல்லாம்பழம்–முந்திரிப்பழம். இதுவரை 40 ஜோடி சேர்ந்திருக்கிறது, எல்லாம் குமரி மாவட்டத்தில் தக்கலை, குலசேகரம் பக்கம். அதே மாவட்டத்தின் குளச்சல், முட்டம் கடற்கரையில் பிள்ளைகள் வலைக்கும் வள்ளத்துக்கும் மீனுக்கும் காற்றுக்கும் சொல்லும் சொற்கள் தேவை.

நாளுக்கு 5 சொல் போதும். கூடினால் மறுநாள் கலைந்துவிடும். பிள்ளை தன் சொல்லைச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். "அது தப்பு" என்று தொடங்கினால் வாயை மூடிக்கொள்ளும், அப்புறம் திறக்க வைப்பது பெரும்பாடு. சக்கையைப் படமாகக் காட்டினால் ஒரு சொல்தான் கிடைக்கும். வெட்டிக் காட்டினால் சுளை, கொட்டை, தோல், பிசின், பிளக்க, ஒட்ட, கையில் எண்ணெய் தடவ என்று தானாக வரும். அதே சொற்களை 2, 4, 8-ஆம் நாளில் புது வாக்கியத்தில் கேட்க வேண்டும். பத்துமுறை எழுதச் சொல்வதால் கை மட்டும்தான் பழகும்.

சிக்கல் வினைச்சொல்லில். உரி, சீவு, பிய், கிள்ளு நான்கும் படத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன. நடித்துக் காட்டினாலும் உரியும் பிய்யும் குழம்புகின்றன. வாழைப்பழமும் கீரையும் கொடுத்துச் செய்ய வைத்தவர்கள் உண்டா? எந்த வரிசையில் கொடுத்தீர்கள்?

சொல், ஊர், புத்தகச் சொல், பிள்ளை பேசுகிறபடியே ஒரு வாக்கியம், இந்த நான்கும் எழுதுங்கள். படம் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும்.