கலைச்சொல் தேவை: ‘ஹாட் ஸோன்’, ‘வார்ம் ஸோன்’, ‘கோல்டு ஸோன்’ (வெள்ளிக்குள்)

கிருஷ்ணகிரியிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். தீயணைப்பு வீரர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பொதுவாக ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நச்சு வேதிப்பொருள் கொட்டிவிட்டால் எப்படி அணுகுவது, யார் எங்கே நிற்பது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

கொட்டிய இடத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முழுக் காப்புடை போட்டவர் மட்டும் நுழைவது ஹாட் ஸோன். உள்ளே போய்த் திரும்பியவரைக் கழுவி, உடையைக் களைவது வார்ம் ஸோனில். கட்டளை அலுவலர், ஆம்புலன்ஸ், மாற்று சிலிண்டர்கள் இருப்பது கோல்டு ஸோன். இப்போதைக்கு ‘வெப்பப் பகுதி, மிதவெப்பப் பகுதி, குளிர்ப் பகுதி’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. காற்று வரும் பக்கத்திலிருந்து அணுக வேண்டும் என்ற பொருளில் ‘மேல்காற்றுப் பக்கமாக அணுகவும்’ என்றும் ஒரு வரி இருக்கிறது. அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து, திங்கள் இரவு

‘வெப்பப் பகுதி’ வேண்டவே வேண்டாம் அம்மா. தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்கு வெப்பம் என்றால் நெருப்பு, நெருப்பு என்றால் தண்ணீர். அடர் கந்தக அமிலம் கொட்டிக் கிடக்கிற இடத்தில் அந்தப் பழக்கத்தில் ஹோஸைத் திறந்தால் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். அங்கே முதல் வேலை மண்ணால் அணை கட்டுவது, உலர்மணல் போடுவது. அமோனியா இன்னும் மோசம். அது கொதிப்பதே மைனஸ் 33 டிகிரியில். திரவமாகத் தோலில் பட்டால் சதை உறைந்து புண்ணாகும். நம் பக்கக் குளிர்பதனக் கிடங்குகளில் அதுதான் ஓடுகிறது. உறைய வைக்கிற இடத்துக்கு வெப்பம் என்று பெயர் வைப்பது பயிற்சி எடுக்க வருகிறவனுக்குச் செய்யும் தீங்கு.

இன்னொன்று, ‘மேல்காற்று’ என்றால் எங்கள் ஊரில் மேற்கிலிருந்து வரும் காற்று. உங்கள் வரியைப் படிப்பவன் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மேற்கே சுற்றிக்கொண்டு போவான். கேழ்வரகு தூற்றுகிற களத்தில் பதர் விழும் பக்கம் யாராவது நிற்பார்களா? ‘காற்று முதுகில் படும்படி அணுகு’ என்று எழுதுங்கள். அப்படித்தான் நாங்கள் சொல்லிக் கொடுத்தோம்.

பாலக்கோட்டிலிருந்து, செவ்வாய்

அலுவலர் ஐயா சொன்ன காற்று வரி அருமை. அதை யாரும் தொட வேண்டாம்.

மூன்று பகுதிக்கு நம் இலக்கணமே வழிகாட்டுகிறது. ஏழாம் வேற்றுமைக்கு 28 இடப்பொருள் உருபுகளை நன்னூல் அடுக்குகிறது. இடை, அகம், புறம் மூன்றும் அதில் உண்டு. அகவளையம், இடைவளையம், புறவளையம் என வைத்தால் முடிந்தது. அதே பட்டியலில் ‘வாய்’ என்பதும் இருக்கிறது. கழுவுகிற வழிக்கு ‘கழுவாய்’ என்று பெயர் சூட்டலாம். ‘வழுவாய் மருங்கில் கழுவாயும் உள’ என்கிறது புறநானூற்று 34ஆம் பாட்டு. கழுவு என்ற வினையும் வாய் என்ற இடப்பெயரும் சேர்ந்து, மாசோடு புகுந்தவன் மாசற்று வெளிவரும் வாயில் என்று பொருள் தரும். ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல்லுக்கு இன்று வேலை கிடைக்கிறது!

அரூரிலிருந்து, செவ்வாய்

பாலக்கோட்டு ஐயாவின் புலமையை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பாட்டில் கழுவாய் என்பது பாவத்துக்குப் பரிகாரம். உயிரைப் பணயம் வைத்து வால்வை மூடிவிட்டு வருகிற வீரன் என்ன பாவம் செய்தான்? பேச்சில் ‘நீ கழுவாய்’ என்ற எதிர்மறை முற்றாகத்தான் காதில் விழும்.

நேராகவே கேட்கிறேன். தீயணைப்பு நிலையங்களில் பி.ஏ. செட் (மூச்சுக்கருவி), ஹோஸ், பிராஞ்ச் (ஹோஸின் நுனியில் நீரைப் பீய்ச்சும் குழல்) என்றுதானே புழங்குகிறார்கள்? ஹாட் ஸோன் மட்டும் ஏன் கூடாது? ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்.

பாலக்கோட்டிலிருந்து, செவ்வாய் இரவு

> ஹாட் ஸோன் மட்டும் ஏன் கூடாது?

காலத்தால் வந்து நிலைத்த சொல்லைத் தள்ளாதே என்பது அந்த நூற்பா. நாளைக்கு அச்சிடப்போகும் பலகையில் நாமே அயற்சொல்லைக் கொண்டுபோய் நடு என்று அவர் சொல்லவில்லை. பிராஞ்ச் என்பது கையில் பிடிக்கும் கருவி, பெயர் தெரியாவிட்டாலும் காட்டிவிடலாம். ஸோன் என்பது கண்ணுக்குத் தெரியாத கோடு. சொல்லின் பொருள் புரிந்தால்தான் கோடே இருக்கும்.

ஓசூரிலிருந்து, புதன்

ஆலைப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். இரண்டு செய்திகள்.

‘வளையம்’ என்ற சொல் தவறான படத்தைக் கொடுக்கிறது. அமெரிக்க, கனடிய அவசரகால வழிகாட்டியில் ஆரம்ப விலக்குத் தூரம் அமிலம் போன்ற திரவத்துக்கு எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர், அமோனியா போன்ற வாயுவுக்கு 100 மீட்டர். அந்த முதல் சில நிமிடம் மட்டும்தான் அது வட்டம். அப்புறம் காற்றுப் போகும் பக்கமும் சரிவும் அதை இழுத்துக்கொண்டு போகும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளம் தேடி இறங்கும். தொப்பூர்க் கணவாயில் ஒரு டேங்கர் கவிழ்ந்தால் ஆபத்து வட்டமாகவா நிற்கும்? இறக்கம் முழுக்க நீண்டுவிடும்.

அடுத்தது ஒலி. முகமூடிக்குள்ளிருந்து பேசும்போது பாதி எழுத்து விழுங்கப்படும். அகவளையம், இடைவளையம், புறவளையம் மூன்றும் ‘ளையம்’ என்றே கேட்கும். ஆங்கிலக் கையேடுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் காட்டுகிறார்கள். அதையே சொல்லலாமே? இங்கே வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான். அவர்களுக்கும் நிறம் புரியும்.

பென்னாகரத்திலிருந்து, புதன்

ஓசூர்த் தம்பி கன்னடத்தைத் தொட்டதால் சொல்கிறேன். நம் ‘செ’ அங்கே ‘கெ’, ‘கி’யாக நிற்கும். செவி கிவியாகும், செய் கெய்யாகும், செம்மைதான் கெம்பு. ஆகவே சிவப்பு என்பது இருமொழிக்கும் பொதுவேர். என் விருப்பம் வேறு: ‘தீண்டெல்லை’. பாம்பு தீண்டியது என்கிறோமே, நஞ்சு உடலில் படுவதை அதைவிட எந்தச் சொல் சுருக்கமாகச் சொல்லும்? தீ என்ற வேரும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரூரிலிருந்து, புதன் இரவு

தீண்டு என்ற சொல் வேண்டாம் ஐயா. உள்ளே போய் வந்த மனிதனைத் ‘தீண்டாதே’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதும் நிலை வரும். அந்தச் சொல்லால் இந்த மாவட்டங்களில் எத்தனை பேர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். வேர் எதுவானாலும் எனக்குச் சம்மதமில்லை.

தருமபுரியிலிருந்து, வியாழன் காலை

அரூர் நண்பர் சொன்னது சரி. எனக்கு ‘அகம்’ என்பதிலும் சங்கடம். புயல், வெள்ளம் என்றால் உள்ளே இருப்பவன்தான் பிழைப்பான் என்று மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இங்கே உள்ளே என்றால் சாவு. ‘நச்சுப் பகுதி, கழுவிடம், காப்பிடம்’ என்று எளிமையாக வைக்கலாமா?

ஓசூரிலிருந்து, வியாழன்

கழுவிடம் மிக நன்று. ‘நச்சு’ மட்டும் போதாது ஐயா. டேங்கரின் அவசரத் தகவல் பலகையில் 1017 என்றிருந்தால் குளோரின், 1005 அமோனியா. இரண்டும் நச்சு. 1075 என்றிருந்தால் எல்.பி.ஜி. அங்கே பயம் நஞ்சு இல்லை, ஒரு பொறி பட்டால் வெடிப்பதுதான். நச்சு இல்லை என்று அலைபேசியோடு உள்ளே போய்விடுவார்கள். ‘ஆபத்துப் பகுதி’ என்றால் எல்லாவற்றையும் அடக்கும். கழுவிடமும் காப்பிடமும் வாக்கிடாக்கியில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் பேச்சுக்கு நிறம், எழுத்துக்குச் சொல் என்று பிரித்துவிடலாம்.

பாலக்கோட்டிலிருந்து, வியாழன்

ஆபத்து வடசொல். ‘இடர்’ இருக்கும்போது எதற்கு?

தருமபுரியிலிருந்து, வியாழன்

இடர் என்று கத்தினால் யாரும் ஓட மாட்டார்கள் ஐயா. ஆபத்து என்றால் ஓடுவார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து, வியாழன் இரவு

நான்கு பேர் ஒப்புதல், பாலக்கோட்டு ஐயா மறுப்பு, பென்னாகரத்திலிருந்து பதிலில்லை. ஆபத்துப் பகுதி (சிவப்பு), கழுவிடம் (மஞ்சள்), காப்பிடம் (பச்சை) என்று நாளைக் காலை அனுப்புகிறேன். கழுவிடத்துக்கு விளக்க வரி ஒன்று தேவை. அலுவலர் ஐயா எழுதித் தருவீர்களா?

பாலக்கோட்டிலிருந்து, வியாழன் இரவு

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பில் ‘இடர்ப்பகுதி’ என்று மாற்றக் கோருவேன். கையேட்டில் படித்துப் பழகினால் இடரும் வாய்க்கு வந்துவிடும். பலகையில் ‘ஆபத்து பகுதி’ என்று அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வன்றொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும்.

தருமபுரியிலிருந்து, வெள்ளி அதிகாலை

எழுதிவிட்டேன் அம்மா:

‘கழுவிடம்: ஆபத்துப் பகுதிக்குள் முதல் ஆள் கால் வைக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டிய இடம். உள்ளே இருவராகத்தான் போக வேண்டும். அதே உடையில் இன்னும் இருவர் வெளியே காத்திருக்க வேண்டும். திரும்பியதும் மேலுடை முழுவதும் கழுவி முடியும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது. ஆகவே கழுவும் நேரத்துக்கும் சேர்த்து சிலிண்டரில் காற்றை மிச்சம் வைத்துத் திரும்ப வேண்டும். கழுவிய நீரைச் சாக்கடையிலோ ஏரிக்கால்வாயிலோ விடக் கூடாது. தொட்டியில் பிடிக்க வேண்டும்.’

நீளம் என்று வெட்டிவிடாதீர்கள். இடம் போதாவிட்டால் முன்னுரையைக் குறையுங்கள்.